ஐந்து பிரதிகளில் ஒரு நிச்சயதார்த்தம்

"நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கிறேன். அதுக்குள்ள என் உயிலை நீயே எழுதிக்கினு வந்து கையெழுத்துப் போடுன்றியே, நீயெல்லாம் படிச்சவனா?"

"அய்யோ மாமா, உயில் இல்ல. வெல்! வெல்லுன்னா கெணறு!"

"வில்லுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? எங்க சித்தப்பன் வில்லு எழுதி வெச்சிட்டுப் போயித்தான் எங்க வம்சமே இன்னும் கோர்ட்டு வாசல்ல நிக்குது!"

சாயக்காரர் குப்புசாமி குரலை உயர்த்தினால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்கும். அன்றைக்குத் தறிச் சத்தமே நின்றுவிட்டது. பாதி நெய்த புடவையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தவர்கள் பதினேழு பேர். எண்ணுகிற வேலை நமக்கெதற்கு என்று கேட்கக்கூடாது. யாராவது எண்ணத்தானே வேண்டும்?

ஒரு கையில் பேனாவும் மறு கையில் காகிதமுமாகப் பேய் முழி முழித்துக்கொண்டு நின்றவன் பஞ்சாட்சரம். நம் தெருவில் தறிக்குழியை விட்டு எழுந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. அந்த 1970ஆம் வருஷம் அவன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிக லெக்சரராக இருந்தான். 'தற்காலிக' என்ற வார்த்தையை மட்டும் அவன் அம்மா மங்கையர்க்கரசி யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் எல்லாருக்கும் தெரியும்.

ஏப்ரலோடு அந்த வேலை முடிகிறது. டில்லி சர்க்காரிடமிருந்து ஆராய்ச்சிக்கு மானியம் வாங்கி வந்தால் இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்கிறோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வாங்காவிட்டால் பம்பாயில் ஒரு பெயின்ட் கம்பெனியில் டப்பாவுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம் காத்திருந்தது. மங்கையர்க்கரசிக்கு ஒரே பிள்ளை. புருஷனும் போய்விட்டான். பம்பாய் என்ற பெயரைக் கேட்டாலே ராட்டையில் நூல் அறுந்துவிடும் அவளுக்கு. விண்ணப்பம் அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் டில்லி போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டே நாள்தான் பாக்கி.

எதைப் பற்றி ஆராய்ச்சி? குப்புசாமியின் அரக்குச் சிவப்பைப் பற்றித்தான்.

காஞ்சிபுரத்தில் அரக்குச் சாயம் போடுகிறவர்கள் ஐம்பது பேர் இருந்தாலும் கடைக்காரர்கள் குப்புசாமி அரக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். வெயிலில் பிடித்தால் நெருப்பு. விளக்கில் பிடித்தால் மாதுளை. கழுவக் கழுவ மெருகு. காரணம் என்ன என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அவர் வீட்டுப் பின்கட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரில் என்னவோ இருக்கிறது. அதனால்தான் கிணற்றுக்குப் பலகை மூடி, மூடிக்குப் பூட்டு. வடிவாம்பாள் என்கிற தண்ணீர்க்காரி மட்டும் விடியற்காலையில் பின்வாசல் வழியாகக் குடமும் இடுப்புமாகப் போவாள், வருவாள். சாயத் தொட்டிக்குக் கிணற்றிலிருந்து சேந்தி ஊற்றுகிற வேலை அவளுக்கு. வேறு யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பஞ்சாட்சரம் ஒரு சோதனையும் செய்து பார்த்திருந்தான். ஒரே பட்டு நூல், ஒரே சாயப்பொடி. ஒரு சிட்டம் நூலைக் குப்புசாமியிடம் கொடுத்தான், நெருப்பாக வந்தது. இன்னொரு சிட்டத்தைக் கல்லூரியில் குழாய்த் தண்ணீரில் தானே முக்கி எடுத்தான். வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி வந்தது. 'வித்தியாசம் தண்ணீரில்தான் இருக்கிறது' என்று நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டான். எம்.எஸ்ஸி. படித்தவன் அடிக்கோடு போட்டால் அப்பீலே கிடையாது.

இனி வேண்டியது கிணற்றுக்காரரின் சம்மதக் கடிதம். 'மை வெல்' என்று அவன் இங்கிலீஷில் வாசித்ததும்தான் மேலே சொன்ன கூத்து.

"மாமா, நிதானமாக் கேளுங்க. உங்க கெணத்துத் தண்ணியை ஆராய்ச்சி பண்ண டில்லி சர்க்கார் பணம் குடுக்கும். அவ்ளோதான்."

"டில்லி சர்க்காருக்கு என் கெணத்து மேல இன்னா கரிசனம்?"

"பெருமைதானே மாமா! அங்கேர்ந்து ஆபீசரே நேர்ல வந்து, மூடியைத் தொறந்து, உள்ள எட்டிப் பாத்து, ஆழமெல்லாம் அளந்து..."

குப்புசாமியின் முகம் சாயம் போடாத நூல் மாதிரி வெளுத்துவிட்டது. அதுவரை கோபத்தில் கத்தியவர் அதற்குப்பின் பயத்தில் கத்தினார்.

"கேட்டீங்களாப்பா? போன வருசம் சர்க்காருல பேங்கியெல்லாம் எடுத்துக்கினாங்களே, அதையும் மொதல்ல எட்டிப் பாத்துட்டுத்தானே எடுத்துக்கினாங்க? பேங்கியையே எடுத்துக்கினவன் கெணத்தை வுடுவானா?"

கதவு சாத்தப்பட்டது. தெரு யோசித்தது. குப்புசாமி சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அன்று சாயங்காலமே நாலைந்து வீடுகளில் அவரவர் கிணற்றிலிருந்து அவசரமாக இறைத்து அண்டா, குண்டான், தோசைமாவு வைக்கிற அடுக்கு வரை நிரப்பி வைத்துக்கொண்டார்கள். சர்க்கார் எடுத்துக்கொண்டால் அப்புறம் ஒரு வாய்த் தண்ணீருக்கு டில்லிக்கா போக முடியும்?

"நீ பேசினா கிராமர் சரியா இருக்குது. காரியம்தான் ஆவ மாட்டேங்குது" என்றாள் மங்கையர்க்கரசி. "நீ வூட்டுல குந்து. நான் போய் சமாதானம் பண்ணிக்கினு வரேன்."

பெரிய மனுஷரிடம் சமாதானம் பேச வெறுங்கையோடா போவது? அவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கல்கண்டு, இரண்டு முழம் கதம்பம் எல்லாம் எடுத்து வைத்தாள். மரியாதையாக இருக்கட்டும் என்று பெட்டியிலிருந்த பட்டுப் புடவையை உடுத்தினாள். ராகுகாலம் கழிந்து புறப்பட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கல்யாணமாகாத பிள்ளையின் அம்மா, வெள்ளிக்கிழமை, பட்டுப் புடவை, தாம்பாளம், பூ. போகிற வீட்டிலோ கலாவதி என்று இருபத்தொரு வயதுப் பெண். நம் தெருவுக்கு இதற்குமேல் தந்தி வேறு அடிக்க வேண்டுமா? மங்கையர்க்கரசி ஆறு வீடு தாண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் சேதி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. குப்புசாமி சட்டை போட்டுக்கொண்டு, பாய் விரித்துக் காத்திருந்தார்.

"அவன் சின்னப் பையன், பேசத் தெரியாம பேசிட்டான். மனசுல வெச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தாள் மங்கையர்க்கரசி. "உங்க வூட்டுல இருக்கறதைப் பாத்ததுலேர்ந்து அவனுக்கு வேற எதுலயும் புத்தி போவலீங்க."

குப்புசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எத்தினி நாளா?"

"ஒரு வருசமா இதே ஜபம். நோட்டு நோட்டா எழுதி வெச்சிருக்கான்."

"எழுதி வேற வெச்சிருக்கானா!"

"காலேஜுல பெரிய வாத்தியார் வரைக்கும் தெரியும். ஊருல எத்தினியோ இருக்குது, இதுவேதான் வேணுமான்னு கேட்டாராம். இது மாதிரி எங்கயும் கெடையாது, இது இல்லன்னா எனக்கு எதிர்காலமே இல்லன்னுட்டானாம்."

தாயில்லாப் பெண்ணைத் தனி ஆளாக வளர்த்தவர் குப்புசாமி. மேல்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதம்பத்தை எடுத்து உள்ளே நின்றிருந்த பெண்ணிடம் நீட்டி, "வெச்சிக்கமா" என்றார். பிறகு மங்கையர்க்கரசியைப் பார்த்துக் கைகூப்பி, "சம்பந்திம்மா, கையெழுத்துதானே? நாளைக்குப் பையனை அனுப்புங்க" என்றார்.

சம்பந்திம்மா என்றதும்தான் மங்கையர்க்கரசிக்கு விஷயம் விளங்கியது. வாயைத் திறந்தாள். கலாவதி தலையில் பூவோடு நிற்பதைப் பார்த்தாள். பெண் லட்சணமாகத்தான் இருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறாள். திறந்த வாயில் ஒரு கல்கண்டைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளையிடம் சொன்னாளா? "கையெழுத்து போடறேன்னுட்டாரு" என்று மட்டும் சொன்னாள். மற்றது விண்ணப்பம் டில்லிக்குப் போன பிறகு சொன்னால் போதும், இப்போது சொன்னால் இதற்கும் ஏதாவது விளக்கம் சொல்லிக் கெடுத்துவிடுவான் என்று நினைத்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

மறுநாள் குப்புசாமி கடிதத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஒரு நிபந்தனையும் போட்டார்.

"மாப்பிள்ளை, ஆராய்ச்சி பண்ணு. தாராளமாப் பண்ணு. ஆனா எங்க வம்சத்துல ஒரு வழக்கம். வூட்டு மாப்பிள்ளை மாமனார் கெணத்தை எட்டிப் பாக்கக் கூடாது. ஆவாது. தண்ணி வேணும்னா வடிவாம்பா கொண்டாந்து குடுப்பா."

மாமா என்று கூப்பிட்டால் மாப்பிள்ளை என்பது மரியாதைதானே என்று பஞ்சாட்சரம் சந்தேகமே படவில்லை. "சரிங்க மாமா, எனக்குத் தண்ணி வந்தா போதும்" என்றான். இப்படி ஒரு வழக்கத்தை அதற்கு முன்னால் நம் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மறுநாளே எல்லாரும் அது ஆதிகாலத்து வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் உதாரணம்கூடச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தை ஐந்து பிரதி டைப் அடிக்கப் பஞ்சாட்சரம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனான். ஊரில் நாலு கார்பன் வைத்தாலும் ஐந்தாவது பிரதி தெளிவாக விழுகிற அளவுக்கு அழுத்தி அடிக்கிறவள் கலாவதி ஒருத்திதான். அவன் உள்ளே நுழைந்ததும் அத்தனை மிஷினும் ஒரே சமயத்தில் நின்றன.

"அப்பா சம்மதிச்சிட்டாராமே?" என்றாள் கலாவதி, காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்க. கையெழுத்தே போட்டுக் குடுத்திட்டார்."

"கையெழுத்தெல்லாமா வாங்கினீங்க?"

"எழுத்துல இல்லன்னா டில்லியில ஒத்துக்க மாட்டாங்களே."

"இதுல டில்லிக்கு இன்னா வேலை?"

"செலவெல்லாம் அவங்களுதுதானே."

அவள் கார்பன் தாளைச் சொருகினாள். கை கொஞ்சம் வேகமாகத்தான் சொருகியது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

"உங்களை எதுக்குங்க தொந்தரவு பண்ணணும்? சொத்து அவருதுதானே."

பக்கத்து மிஷினில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு இருமினாள்.

"சரி. எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு வருஷம். திருப்தியா இருந்தா மூணாவது வருஷமும் நீட்டிப்பாங்க."

"திருப்தியா இல்லன்னா?"

"ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு ஒப்படைச்சிட வேண்டியதுதான்."

கலாவதி தாளை மிஷினில் ஏற்றினாள். "நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கோங்க சார்" என்றாள். அந்த 'சார்' அரைப் பர்லாங் தள்ளி நின்றது. அன்று அந்த மிஷின் எழுப்பிய சத்தத்தில் எதிர் வீட்டுத் தறிக்காரர், நம்மைவிட வேகமாக நெய்கிறார்களே யார் என்று எட்டிப் பார்த்தாராம்.

செவ்வாய்க்கிழமை பஞ்சாட்சரம் உறையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் நேரே கல்லூரிக்குப் பறந்தான். துறைத் தலைவர் கோதண்டபாணி ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒன்பதாம் கேள்விக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பஞ்சாட்சரம், முப்பது வருஷமா நான் அப்ளிகேஷன் படிக்கறேன்பா. இவ்வளவு நேர்மையா ஒருத்தன் எழுதிப் பாத்ததில்ல. வாழ்த்துகள்!"

"எதுக்கு சார்?"

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 'திருமணமானவரா?' என்ற கேள்விக்கு அவன் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தான். பக்கம் பக்கமாகக் கிணற்றையே படித்து விஷயம் புரிந்துகொண்ட கலாவதி அங்கே அடித்திருந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நிச்சயிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பதாரருக்கு இன்னும் தெரியாது.'

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் கோதண்டபாணி ஐந்து பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, ஐந்திலும் முத்திரை குத்தி, "மூணு மணிக்குள்ள ரிஜிஸ்தர் தபால் மூடிடுவான், ஓடு" என்றார்.

அவன் வீட்டுக்கு ஓடினான்.

"அம்மா, எனக்கு நிச்சயம் ஆயிருக்குதாமே?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?" மங்கையர்க்கரசி ராட்டையை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். உனக்குத்தான் எதையும் காகிதத்துல அடிச்சுக் காட்டினாத்தான் வெளங்கும்."

அவன் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினான். மணி இரண்டேகால். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, கலாவதி ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"தப்பா அடிச்சிருந்தா அழிச்சிடறேன் சார். ஆனா ஒண்ணு. அழுத்தி அடிச்சிருக்கேன். ரப்பர் போட்டா அஞ்சு தாள்லயும் ஓட்டை விழும். பரவால்லியா?"

பஞ்சாட்சரம் ரப்பரைப் பார்த்தான். ஐந்து தாளையும் பார்த்தான். ஒரு தவறுகூட இல்லாமல், வரி வளையாமல், ஐந்தாவது பிரதியிலும் கமா தெரிகிற மாதிரி அடித்திருந்தாள். பிறகு, அதுவரைக்கும் பார்க்காததால், அவளையும் பார்த்தான்.

"தெரியாதுங்கறது மட்டும்தான் தப்பு. இப்போ தெரிஞ்சிடுச்சே" என்றான். "மத்தது அப்படியே இருக்கட்டும்."

"கேக்க வேண்டியதைக் கேக்காமயே போறீங்களே?"

"உங்களுக்குச் சம்மதமாங்க?"

"மணி ரெண்டரை ஆவுது. மொதல்ல தபாலாபீசுக்குப் போங்க" என்றாள் கலாவதி. அவள் சிரித்ததை அத்தனை மிஷினும் பார்த்தன.

அந்த உறை மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரிஜிஸ்தர் ஆனது. நம் ஊரில் எத்தனையோ நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. இந்திய சர்க்காரிடம் ஐந்து பிரதிகளில், முத்திரை குத்தி நடந்தது அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் பிடித்திருக்கிறது. முடிவு சொல்லுமுன் ஆபீசர் ஒருவர் நேரில் வந்து கிணற்றைப் பார்ப்பார்.

கல்லூரியில் அவன் வேலை ஏப்ரலோடு முடிந்திருந்தது. கோதண்டபாணி சொல்லி, அந்தப் பெயின்ட் கம்பெனியிடம் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று தவணை கேட்டுக்கொண்டிருந்தான். ஆபீசர் தலையசைத்தால் காஞ்சிபுரம். அசைக்காவிட்டால் பம்பாய் டப்பா. மங்கையர்க்கரசி காமாட்சியம்மன் கோயிலுக்கு தினம் நடந்தாள்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் குப்புசாமிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "வரவேணாம்னு ஒரு தந்தி அடிச்சிடேன்" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார். கலாவதிதான், "நீ கம்முனு படுப்பா. நான் பாத்துக்கறேன்" என்று அதட்டினாள்.

ஆபீசர் வருகிற வாரம் பார்த்து நம் தெருமுனைக் குழாயில் மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. விடிந்து போனால் காற்றுதான் வந்தது. குடத்தோடு குடம் மோதி, முனிசிபாலிடியைத் திட்டி, கடைசியில் ஒருத்தரை ஒருத்தர் திட்டி ஓய்ந்தோம். சோதனையாக வடிவாம்பாளும் இடுப்பு வலி என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஆபீசர் வந்தார். கோட்டு, டை, கையில் டேப். தெருவே குப்புசாமி வீட்டுப் பின்கட்டில் நுழைந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக எங்கள் கண்ணெதிரில் பூட்டைத் திறந்து பலகையை நகர்த்தினார்கள். உள்ளே ஆளுயரத் தண்ணீர், தளும்பாமல், ஸ்படிகம் மாதிரி! "பாத்தியா, ஊருக்கே தண்ணி இல்ல. கெணறுன்னா இது கெணறு" என்று நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். ஆபீசர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆனால் மானியம் கேட்டவன் மட்டும் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். வழக்கத்தை மீறலாமா? ஆபீசர் இதென்ன என்று இங்கிலீஷில் கேட்டார். கூட வந்திருந்த கோதண்டபாணி ஒரு விநாடி திகைத்துவிட்டு, ஆராய்ச்சி செய்கிறவனின் ஆசை சோதனைப் பொருள்மேல் படக்கூடாது என்பதில் அவன் மிகவும் கண்டிப்பானவன் என்று சொல்லிவைத்தார். ஆபீசர் அதைக் குறித்துக்கொண்டார். இப்படி ஓர் ஒழுங்கை டில்லியில்கூடப் பார்த்ததில்லையாம்.

ஜூலையில் மானியம் வந்தது. குழாயில் தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

இரண்டு வருஷம் பஞ்சாட்சரம் நாய் மாதிரி உழைத்தான். தினமும் வடிவாம்பாள் இரண்டு குடம் கொண்டுவந்து கொடுப்பாள். மஞ்சள் நூல் கட்டிய குடம் கிணறு. சிவப்பு நூல் கட்டியது குழாய். சுண்டக் காய்ச்சினான், நிறுத்தான், புட்டிக்குள் விட்டுக் குலுக்கினான். வருஷம் முடிந்து பார்த்தால் இரண்டு தண்ணீரும் ஒன்றுதான். உப்பு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, இரும்பு ஒன்று. புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது ஸ்தானம் வரைக்கும் ஒன்று. தராசு தப்பென்று புதுத் தராசு வாங்கினான். அதிலும் ஒன்று.

"முடிஞ்சிது. டில்லி சிரிக்கப் போவுது" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

கலாவதி அன்றைய கணக்கை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுன்னா ஒண்ணுன்னே எழுதுங்க. தண்ணியில இல்லன்னா சிவப்பு வேற எங்க இருக்குதுன்னு பாருங்க. கெணத்துத் தண்ணியில நீங்க ஒரு சிட்டம் முக்குங்க. கொழாத் தண்ணியில எங்கப்பா முக்கட்டும்."

முக்கினார்கள். மஞ்சள் நூல் குடத்துத் தண்ணீரில் பஞ்சாட்சரம் போட்டது பழையபடி வெற்றிலைத் துப்பல். சிவப்பு நூல் குடத்துத் தண்ணீரில் குப்புசாமி போட்டது நெருப்பு. அதற்குப் பிறகு அவன் தண்ணீரை விட்டுவிட்டு மாமனாரின் கையைப் பார்க்க ஆரம்பித்தான். எந்தச் சூட்டில் நூலை இறக்குகிறார், எத்தனை தரம் புரட்டுகிறார், எந்த வாசனை வந்ததும் எடுக்கிறார் என்று கடிகாரமும் தெர்மாமீட்டரும் வைத்து எழுதினான். ரகசியம் கிணற்றில் இல்லை, கையில் இருக்கிறது என்று முடித்தான். டில்லிக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் கிணற்றை நம்பிக்கொண்டிருக்கும்போது கிணற்றில் ஒன்றுமில்லை என்று தைரியமாகச் சொன்னவன் இவன் ஒருவன்தான் என்று பாராட்டினார்கள். டாக்டர் பட்டமும் வந்தது.

குப்புசாமி அந்த ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டு மாட்டினார். "டில்லியே சொல்லிடுச்சுப்பா, தண்ணியில இல்ல, குப்புசாமி கையிலதான்னு" என்று வருகிற போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதே வாரம் கிணற்றில் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்துவிட்டு மேலே இன்னொரு சாயத் தொட்டி கட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் பேர் வாங்கிக் கொடுத்த கிணற்றை இப்படியா செய்வது, நன்றி கெட்ட மனுஷன் என்று நாங்கள் கொஞ்ச நாள் பேசிக்கொண்டோம்.

அதன் பிறகு யார் யார் எங்கே போனார்கள் என்றால்: கோதண்டபாணி ரிடையர் ஆகி அரக்கோணத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். இன்ஸ்டிட்யூட்டில் களுக்கென்று சிரித்த பெண் அந்த உறையை ரிஜிஸ்தர் பண்ணின தபாலாபீஸ் குமாஸ்தாவையே கட்டிக்கொண்டு வாலாஜாபாத் போனாள். பஞ்சாட்சரத்துக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை. 'நிரந்தர' என்ற வார்த்தையை மங்கையர்க்கரசி தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, மருமகளோடும் கைக்குழந்தையோடும் தானும் கிளம்பினாள்.

புறப்படுகிற அன்று வாசலில் குதிரை வண்டி நின்றது. தெருவே கூடியிருந்தது. பஞ்சாட்சரம் தன் ஆராய்ச்சி அச்சான புத்தகத்தைப் பிரித்து, நன்றி சொல்லியிருந்த பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினான். சமாதானம் பேசப் போன அம்மாவுக்கு நன்றி. ரப்பர் போடாத மனைவிக்கு நன்றி. ஒரு விநாடி யோசித்துப் பதில் சொன்ன கோதண்டபாணி சாருக்கு நன்றி. நெருப்பை நூலில் ஏற்றுகிற மாமனாரின் கைக்கு நன்றி. அன்றைக்குக் கிணற்றைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று பயந்தாலும் அவன் கல்யாணத்துக்கு ஒரு வீடு விடாமல் வந்து பந்தி பரிமாறிய தெருவுக்கு நன்றி. மூக்கைச் சிந்தாதவர் யாருமில்லை. நாமும் சிந்தினோம்.

"கடைசியா," என்றான் பஞ்சாட்சரம், "ரெண்டு வருஷமா மழையோ வெயிலோ பாக்காம தினம் கெணத்துத் தண்ணி ஒரு கொடம், கொழாத் தண்ணி ஒரு கொடம்னு கொண்டாந்து குடுத்த வடிவாம்பா அக்காவுக்கு. அவங்க இல்லன்னா ரெண்டும் ஒண்ணுன்னு இந்த உலகத்துக்கே தெரிஞ்சிருக்காது."

"நேரமாவுது, வண்டியை எடுப்பா, எடு" என்று குப்புசாமி திடீரென்று குதிரையை விரட்டப் பார்த்தார். கலாவதி குழந்தையின் குல்லாயைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

தன் பெயர் புத்தகத்தில் வந்த சந்தோஷத்தில் வடிவாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து சொன்னாள்:

"நல்லா இரு வாத்தியாரே, ஆனா அதைக் கண்டுபுடிக்கவா ரெண்டு வருசம்? கெணறு வத்தி எட்டு வருசமாச்சு, ரெண்டு கொடத்தையும் தெருமொனைக் கொழாயில புடிச்சதே நான்தானே!"